சில்லுகளைக் கரையில் கொட்டிவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் வட்டாரத்தில் ஏரி தூர்வாரும்போது கிடைத்த கற்கருவிகளைப் பற்றிச் சென்ற ஞாயிறு இதழில் படத்தோடு செய்தி போட்டிருந்தீர்கள். இப்படி ஒரு விஷயத்துக்கு அரைப்பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. படத்தைக் கத்தரித்து எடுத்து லென்ஸ் வைத்துப் பார்த்தேன். சிமெண்டுத் தரையில் ஒன்பது கற்கள். ‘ஆதிமனிதன் பயன்படுத்திய ஆயுதங்கள்’ என்று அடியில் எழுதியிருந்தது.

படத்தை மட்டும் வைத்து எதையும் உறுதியாகச் சொல்லக் கூடாது. கல்லைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். ஆனாலும் சிலது தெரிகிறது. மேல் வரிசையில் உள்ள இரண்டும் கைக்கோடாரிகள் (காம்பு இல்லாமல் கைக்குள் பிடித்து வேலை செய்யும் கற்கருவிகள்), அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நடுவில் உள்ள மூன்றும் கருவி செய்யும்போது தெறித்த சில்லுகள் போலத் தெரிகின்றன. கீழே உள்ள மூன்றில் மேல்தோல் பழுப்பாகவும், உடைந்த முகம் வெள்ளைவெளேரென்றும் இருக்கிறது. செம்மண் சரளைக்குள் யுகக்கணக்கில் கிடந்த கல் என்றால் உடைந்த முகத்திலும் இரும்புக் கறை ஏறியிருக்கும். வெள்ளையாக இருந்தால் அது நேற்று உடைந்தது. பொக்லைன் பல் பட்டிருக்கும். ஓரத்தில் இருக்கும் ஒன்பதாவது கல் சாலைக்குப் போடும் கருங்கல் ஜல்லி.

இதைக் குறையாகச் சொல்ல வரவில்லை. கைக்கோடாரியையும் ஜல்லியையும் பிரித்துப் பார்க்க எனக்கே பல வருடம் ஆயிற்று. என்னை எழுத உட்கார வைத்தது அந்தச் செய்தியின் கடைசி வரி: ‘உடன் கிடந்த உடைந்த சில்லுகள் ஏரிக்கரையில் கொட்டப்பட்டன.’ அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

நான் ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர். வீடு ஊத்துக்கோட்டை வட்டத்தில், கொசஸ்தலை ஆற்றுக்கு நடந்து போகும் தூரம். அப்பா அம்மி, ஆட்டுக்கல் கொத்துகிறவர். ‘அம்மி கொத்தலையோ அம்மி’ என்று குரல் கொடுத்தபடி அவர் தெருத்தெருவாகப் போவார். விடுமுறை நாட்களில் உளிப்பையைத் தூக்கிக்கொண்டு நானும் பின்னால் போவேன். உளி பட்ட இடத்தில் பொடியும் நொறுங்கலும்தான் கிளம்பும். தட்டையாக, கூராக ஒரு சில்லுகூட வராது. கருங்கல்லில் பல வகை மணிகள் பெரிது பெரிதாகப் பின்னிக் கிடக்கின்றன, அதனால் அடியின் வேகம் நேராக ஓடாமல் சிதறுகிறது என்பதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. ஒருநாள் ஆற்றங்கரையில் கிடந்த பழுப்பு நிற உருண்டைக் கல் ஒன்றை எடுத்து, அப்பா சுத்தியலால் ஓரத்தில் ஒரே ஒரு தட்டுத் தட்டினார். மட்டி ஓடு மாதிரி வளைந்து, விளிம்பு பிளேடு மாதிரி, ஒரு சில்லு கழன்று விழுந்தது. “இது வேற ரகம்டா, கண்ணாடி போறாப்பல போகும்” என்றார். அதுதான் குவார்ட்சைட். அல்லிக்குழி மலைப் பக்கம் இந்த உருண்டைக் கற்கள் வண்டி வண்டியாகக் கிடக்கின்றன. ஆதிமனிதர்கள் இந்தப் பள்ளத்தாக்குக்குத் திரும்பத் திரும்ப வந்ததற்கு அந்தக் கல்லும் ஒரு காரணம்.

(எங்கள் ஊரில் பிள்ளைகள் பாண்டி ஆடும் ஓட்டுத் துண்டையும் சில்லு என்பார்கள். நான் சொல்வது கல்லிலிருந்து தெறிக்கும் சில்லு. புத்தகங்களில் செதில் என்று எழுதுகிறார்கள்.)

பின்னாளில் ஆற்றங்கரையில் அகழாய்வு செய்ய வந்த ஒரு குழுவினர், கற்களைப் படம் வரைய ஆள் தேடினார்கள். இரண்டு கோடை விடுமுறைகளை அவர்களுடைய குழிக்குப் பக்கத்தில், கொட்டகையில், ராட்ரிங் பேனாவும் டிரேசிங் தாளுமாகக் கழித்தேன். புகைப்படம் எடுத்தால் போதாதா என்று முதல் நாள் கேட்டேன். போதாது. வெளிச்சம் இடப்பக்கம் மேலேயிருந்து விழுவதாக வைத்துக்கொண்டு, கல்லின் மேல் இருக்கும் ஒவ்வொரு தழும்பையும் தனித்தனியாக வரைய வேண்டும். எந்தத் தழும்பு முதலில் விழுந்தது, எது அதன்மேல் ஏறியது, அடி எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று தெரியாமல் ஒரு கோடுகூடப் போட முடியாது. முதல் கல்லை வரைய எனக்கு மூன்று நாள் ஆனது. அப்புறம் ஒரு நாளைக்கு இரண்டு வரைந்தேன்.

அங்கே கற்றதை உங்கள் வாசகர்களுக்குச் சொல்கிறேன்.

கண்ணாடி ஜன்னலில் வேகமாக ஒரு சின்னக் கல் பட்டால் என்ன ஆகும்? பட்ட பக்கம் ஓட்டை சிறிதாகவும், மறுபக்கம் அகலமாகவும், ஒரு கூம்பு கழன்று விழும். நெருக்கமான மணி கொண்ட கல்லிலும் அடியின் வேகம் அப்படித்தான் கூம்பாக விரிகிறது. ஆனால் கல்லின் நடுவில் அடிக்காமல் விளிம்பில் அடிப்பதால் அரைக்கூம்புதான் சில்லோடு வரும். அதனால் சில்லின் உள்முகத்தில், அடி பட்ட இடத்துக்குச் சற்றுக் கீழே, ஒரு புடைப்பு இருக்கும். கட்டைவிரலால் தடவினால் தெரியும். குமிழ் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேலே அடி வாங்கிய சிறு தட்டை இடம், அதுதான் அடிமேடை. குமிழிலிருந்து, குளத்தில் கல் எறிந்தால் பரவுவதைப் போல, மெல்லிய அலைகள் விளிம்பு வரை போகும். நம் குவார்ட்சைட்டில் அலைகள் மங்கலாகத்தான் இருக்கும். வெயிலைப் பக்கவாட்டில் வாங்கும்படி கல்லைச் சாய்த்துப் பிடித்தால் பிடிபடும். சில்லு போன தாய்க்கல்லில் இதே குமிழ் குழியாகப் பதிந்திருக்கும்.

சில்லின் வெளிமுகம் வேறு கதை சொல்லும். அதில் முன்பு பெயர்ந்த சில்லுகளின் தழும்புகள் இருக்கும், கல்லின் பழைய தோலும் ஒட்டியிருக்கும். இளநீர் சீவுகிறவரைப் பாருங்கள். முதல் வெட்டில் முழுக்கப் பச்சைத் தோல், அடுத்ததில் பாதித் தோல் பாதி நார், கடைசியில் கண்ணுக்குப் பக்கத்தில் வெள்ளையாக மெல்லிய சீவல். இளநீரைக் குடித்து ஓட்டையும் யாரோ கொண்டுபோய்விட்டாலும், சீவல்களை வைத்தே எத்தனை காய் வெட்டினார், எங்கே உட்கார்ந்து வெட்டினார், கை பழகிய ஆளா புதிய ஆளா என்று சொல்லிவிடலாம். கல்லிலும் அப்படித்தான். வெளிமுகம் முழுக்கத் தோலாக இருக்கும் சில்லு, வேலையைத் தொடங்கிய இடத்துச் சில்லு. தோலே இல்லாமல் மெல்லியதாக, சற்றே வளைந்து, வெளிமுகத்தில் பல தழும்புகளோடு இருந்தால் அது கைக்கோடாரியின் விளிம்பைக் கூராக்கும்போது போனது.

குழுவில் இருந்த ஒருவர் ஒருநாள் தார்ப்பாயை விரித்து அதன்மேல் உட்கார்ந்து, ஆற்றுக் கல்லால் தட்டித் தட்டி ஒரு கைக்கோடாரி செய்து காட்டினார். முக்கால் மணி நேரம். பிறகு தார்ப்பாயில் விழுந்ததை எண்ணும் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். சுண்டுவிரல் நகத்தைவிடப் பெரியவை மட்டும் அறுபதைத் தாண்டின. அதற்குக் கீழே உள்ள பொடிச் சில்லுகளைச் சல்லடையில் போட்டு எண்ணத் தொடங்கி, ஆயிரத்துக்கு மேல் போனதும் விட்டுவிட்டேன். ஒரு கருவிக்கு இத்தனை கழிவு. உங்கள் படத்தில் இரண்டு கைக்கோடாரிகள் இருந்தன. அவற்றை அந்த இடத்திலேயே செய்திருந்தால், கரையில் கொட்டிய குவியலில் என்னவெல்லாம் போயிருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

சரி, கருவி எது, கழிவு எது? கருவி என்றால் மனிதன் ஒரு வடிவத்தை நினைத்து வேலை செய்தது தெரியும். கைக்கோடாரியில் இரண்டு முகங்களிலும் தழும்புகள் இருக்கும், விளிம்பு சுற்றிவரும், ஒரு பக்கம் கூர்ந்து ஒரு பக்கம் கைக்குள் அடங்கும். ஒரு சில்லையே சுரண்டியாக மாற்றியிருந்தால், விளிம்பில் ஒரு பக்கம் மட்டும், ஒரே சாய்வில், பல்வரிசை மாதிரி சிறுசிறு தழும்புகள் விடாமல் தொடரும். ஆட்டுக்குளம்பு மிதித்தோ ஏர்க்கொழு பட்டோ விளிம்பு உடைந்திருந்தால் தழும்புகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக, சில மேல்முகத்தில், சில கீழ்முகத்தில், ஆளுக்கொரு கோணத்தில் இருக்கும். நிறமும் காட்டிக்கொடுக்கும்.

இதோடு முடிந்தது என்றால் இந்தக் கடிதத்துக்கே அவசியம் இல்லை. கழிவு என்று நாம் ஒதுக்கும் சில்லும் கருவியாக இருந்திருக்கலாம். எங்கள் ஊர்க் கறிக்கடை பாய் என் பழைய மாணவர். தார்ப்பாயில் விழுந்த சில்லுகளில் ஒன்றை, எந்தச் செதுக்கலும் இல்லாததை, அவரிடம் கொடுத்தேன். ஆட்டுத்தோலை அதை வைத்து அறுத்துப் பார்த்தார். நான்கு விரல்கடை நீளத்துக்கு ஒரே இழுப்பில் போனது. “சார், கத்தியைவிட நல்லா போகுது, பிடிக்கத்தான் வசதியா இல்லை” என்றார். பிறகு கழுவி எடுத்துப் பார்த்தபோது விளிம்பில் வெறும் கண்ணுக்கு எந்த மாற்றமும் தெரியவில்லை. அந்தச் சில்லை மண்ணில் போட்டுவிட்டு யாராவது பின்னால் எடுத்திருந்தால் கழிவு என்றுதான் சொல்லியிருப்பார்கள். தோல் அறுத்தால் ஒரு வித மெருகு, மரம் சீவினால் வேறு வித மெருகு விளிம்பில் படியும், அதை நுண்ணோக்கியில்தான் பார்க்க முடியும். அதற்கும் கல் உரசாமல், கழுவித் தேய்க்காமல் வந்து சேர வேண்டும். வாளியில் அள்ளிக் கொட்டினால் ஒன்றோடொன்று மோதி விளிம்பு போய்விடும்.

நம் பக்கத்து அதிரம்பாக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் இருந்த இராபர்ட் புரூஸ் ஃபூட், 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் சரளைக் குழி ஒன்றில் ஒரு கல்லை எடுத்தார். இந்தியாவில் பழைய கற்காலக் கருவி என்று அடையாளம் காணப்பட்ட முதல் கல் அது. அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங்கும் அதிரம்பாக்கத்துக்கு வந்தார்கள். ஃபூட் சேர்த்த கற்களை 1904-இல் சென்னை அரசு அருங்காட்சியகம் விலைக்கு வாங்கியது. அதன்பின் 1999 முதல் தொல்லியலாளர்கள் சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் குழுவினர் அங்கே தோண்டினார்கள். மிகக் கீழே உள்ள அடுக்குகளில் கிடைத்த கைக்கோடாரிகளின் காலம் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டு என்று 2011-இல் வெளியிட்டார்கள். அது எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது, பாடப்புத்தகத்திலும் வந்துவிட்டது.

2018-இல் வெளியிட்டது அந்த அளவுக்கு யார் காதிலும் ஏறவில்லை. மேல் அடுக்குகளில் 7,200-க்கும் மேற்பட்ட கற்களை ஆராய்ந்து, சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே இங்கே கல்வேலையின் முறை மாறத் தொடங்கிவிட்டது என்று காட்டினார்கள். பெரிய கைக்கோடாரிகள் குறைகின்றன. அதற்குப் பதிலாக, தாய்க்கல்லை முன்கூட்டியே பக்குவமாகத் தட்டி வைத்துக்கொண்டு, தனக்கு வேண்டிய வடிவத்தில் ஒரு சில்லைப் பெயர்த்து எடுக்கும் முறை வருகிறது. லெவல்லுவா முறை என்கிறார்கள். அதாவது இங்கே சில்லுதான் பொருள், அதற்காகத்தான் அத்தனை வேலையும். இந்தியாவில் இந்த மாற்றம் வெகு பின்னால், வெளியிலிருந்து வந்தது என்று இருந்த எண்ணத்தையே அந்தச் சில்லுகள் அசைத்துவிட்டன. கைக்கோடாரியை மட்டும் பொறுக்கிக்கொண்டு மற்றதைக் கரையில் கொட்டியிருந்தால் இந்தச் சேதி நமக்கு வந்தே இருக்காது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

சில்லு இல்லாததும் ஒரு சேதி. அதிரம்பாக்கத்தின் கீழடுக்கில் பெரிய சில்லுகளிலிருந்து செய்த கருவிகள் இருக்கின்றன, ஆனால் அந்தச் சில்லுகளைப் பெயர்த்த பெரிய தாய்க்கற்கள் இல்லை. ஆகவே கல்லை வேறிடத்தில் பெயர்த்துத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்று புரிகிறது. எல்லாச் சில்லையும் எடுத்து எண்ணி வைத்திருந்தால்தான், இல்லை என்பதையும் நம்பிச் சொல்ல முடியும்.

இங்கிலாந்தில் பாக்ஸ்குரோவ் என்ற இடத்தில், சுமார் 5 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஒரு குதிரையை அறுத்த இடத்தைச் சுற்றி, விழுந்தது விழுந்தபடி சில்லுகள் கிடைத்தன. ஒருவர் முழங்கால் மடக்கி உட்கார்ந்து தட்டியபோது அவர் கால்கள் மறைத்த இடம் மட்டும் காலியாக இருந்தது. சில்லுகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தபோது நடுவில் ஒரு வெற்றிடம் வந்தது. அந்த வெற்றிடம் கைக்கோடாரி வடிவம். கோடாரியை அவர் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் உட்கார்ந்த இடமும், செய்த பொருளின் உருவமும் கழிவில் இருக்கின்றன. எங்கள் ஏரியில் அப்படி இருந்தது என்று நான் சொல்லவில்லை. ஏரிக்கு வெள்ளம் வரும் போகும். ஆனால் வெள்ளம் முதலில் அடித்துப் போவது பொடிச் சில்லுகளைத்தான். பெரிய கருவிகளோடு பொடியும் சேர்ந்து கிடந்தால், தண்ணீர் அந்த இடத்தை அதிகம் கலைக்கவில்லை என்று தெரியும். அதைப் பார்க்கவும் பொடி வேண்டும்.

உங்கள் செய்தியைப் படித்துவிட்டு என் பேரன் வேறொரு கேள்வி கேட்டான். மலையிலிருந்து உருண்டு வந்தாலும் கல் உடையுமே, அதிலும் குமிழ் வருமே என்று. நல்ல கேள்வி. நூறு வருடத்துக்கு முன்பு ஐரோப்பாவில் இதே சண்டை நடந்தது. மிகப் பழைய மண்ணில் கிடைத்த உடைந்த சிக்கிமுக்கிக் கற்களை ஆதிமனிதக் கருவிகள் என்று பலர் நம்பினார்கள். பிரான்சில் மந்த் ஊருக்குப் பக்கத்தில் ஒரு சிமெண்டு ஆலையில், சுண்ணாம்பையும் களிமண்ணையும் கலக்கும் தொட்டிக்குள் சுழன்று வெளியே வந்த சிக்கிமுக்கிக் கற்கள் அச்சு அசலாக அதே மாதிரி இருப்பதை 1905-இல் மார்செலின் பூல் என்ற பிரெஞ்சு அறிஞர் எழுதிக் காட்டினார். அண்மையில் பிரேசிலில், செர்ரா தா கபிவாரா காட்டில், கபுச்சின் குரங்குகள் குவார்ட்சைட் கல்லைக் கல்லோடு மோதி உடைப்பதைப் பார்த்தார்கள். குமிழும் அடிமேடையும் உள்ள சில்லுகள் தெறிக்கின்றன. குரங்குகள் அந்தத் தூளை நக்குகின்றன, சில்லைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. தாய்லாந்தில் கொட்டை உடைக்கும் குரங்குகளிடமும் தற்செயலாக இப்படிச் சில்லு வருவதை 2023-இல் எழுதினார்கள்.

ஆகவே ஒற்றைக் கல்லைத் தூக்கிக்கொண்டு வந்து இது கருவியா என்று கேட்டால், பல சமயம் நேர்மையான பதில் ‘தெரியாது’ என்பதுதான். ஒரு குமிழ் போதாது. ஒரே விளிம்பிலிருந்து வரிசையாக, கோணம் பார்த்துப் பார்த்து, திருப்பித் திருப்பி அடித்திருக்கிறதா? அதே இடத்தில் தாய்க்கல்லும், அதைத் தட்டிய அடிகல்லும், சில்லுகளும் ஒன்றாக இருக்கின்றனவா? அந்த மண்ணுக்கு அந்தக் கல் சொந்தமா, வெளியிலிருந்து வந்ததா? இதெல்லாம் இடத்தில் இருந்தால்தான் கேட்கவே முடியும். எடுத்துவிட்டால் கேள்வியும் போயிற்று.

தூத்துக்குடிப் பக்கம் தேரிகளில் இந்தச் சிக்கல் இன்னும் அதிகம். உறவில் ஒரு திருமணத்துக்காகச் சாயர்புரம் போனபோது செம்மணல் மேட்டில் ஒரு காலை நடந்தேன். அங்கே நுண்கற்கருவிகள், கருவி ஒன்று விரல்நகம் அளவுதான் இருக்கும். பாதி வெங்கச்சாங்கல். அது பெரும்பாலும் குமிழைத் தெளிவாகக் காட்டாமல் கட்டி கட்டியாக நொறுங்கும் கல். கீழே கிடந்ததில் பாதியை என்னால் இன்னது என்று சொல்ல முடியவில்லை. எடுக்காமல் வந்துவிட்டேன்.

எடுக்காமல் வரக் கற்றுக்கொண்டது தாமதமாகத்தான். அதையும் சொல்லிவிடுகிறேன். ஆசிரியராகச் சேர்ந்த முதல் சில வருடங்களில், அந்தக் குழுவினரைச் சந்திப்பதற்கு முன்பு, சனிக்கிழமைகளில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஓடைக்கரைகளுக்குப் போவேன். அழகான கைக்கோடாரி யார் கொண்டுவந்தாலும் ஒரு பென்சில் பரிசு. பிள்ளைகள் ஓடி ஓடிப் பொறுக்கினார்கள். பள்ளியில் ஒரு கண்ணாடி அலமாரி நிறைய வைத்தோம். ‘கற்காலக் கருவிகள்’ என்று நானே அழகாக எழுதி ஒட்டினேன். எந்த ஓடை, எந்த வளைவு, எந்த மண், எதோடு எது கிடந்தது என்று ஒரு கல்லிலும் குறிக்கவில்லை. பிள்ளைகள் கொண்டுவந்த சில்லுகளை மட்டும் “இது வேண்டாம், வேஸ்ட்டு” என்று சொல்லித் தோட்டத்து வேலியோரம் போடச் சொன்னேன். ஒரு சிறுமி, ஆறாம் வகுப்பு, தினமும் சில்லாகவே கொண்டுவருவாள். அவளுக்கு ஒரு பென்சில்கூடக் கிடைக்கவில்லை. இப்போது யோசித்தால், அவள் நின்ற இடம்தான் கருவி செய்த இடம். எந்த இடம் என்று அவளிடம் நான் கேட்கவே இல்லை.

பின்னர் புதுக் கட்டடம் கட்டும்போது வேலியோரத்து மண்ணோடு அந்தச் சில்லுகளை அள்ளி அஸ்திவாரத்தில் நிரப்பிவிட்டார்கள். அலமாரிக் கற்கள் இருக்கின்றன. பார்க்க அழகாக இருக்கின்றன. ஆனால் அவற்றை வைத்து ஒருவரும் ஒன்றும் எழுத முடியாது. குழுவினரிடம் பெருமையாக அழைத்துக் காட்டினேன். அவர்கள் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, “எங்கே கிடைத்தது?” என்று மட்டும் கேட்டார்கள். என்னிடம் பதில் இல்லை. அந்த மௌனம் எனக்கு இன்றும் மறக்கவில்லை.

அதனால் உங்களிடம் சில வேண்டுகோள்கள். இனி இப்படிப் படம் போடும்போது கல்லின் பக்கத்தில் ஒரு அளவுகோலோ ஒரு ரூபாய் நாணயமோ வைத்து எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு முகங்களையும் போடுங்கள். ஒரு முகத்தை மட்டும் பார்த்து யாராலும் எதையும் பிரிக்க முடியாது. ‘ஆயுதம்’ என்ற சொல்லை விட்டுவிடலாம். பெரும்பாலும் அறுக்க, சுரண்ட, கிழங்கு தோண்ட, எலும்பு உடைக்கப் பயன்பட்டவை அவை. எந்தச் சர்வே எண், எந்தக் கலங்கல் என்று துல்லியமாக அச்சில் போடாதீர்கள். போட்டால் அடுத்த ஞாயிறே ஆட்கள் பையோடு வருகிறார்கள். போன முறை இன்னொரு ஊரில் நேரில் பார்த்தேன். துல்லியமான இடம் தொல்லியல் துறைக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் தெரிந்தால் போதும். பார்க்க ஆசைப்படுகிறவர்களைப் பூண்டியில் தொல்லியல் துறை நடத்தும் அகழ்வைப்பகத்துக்கு அனுப்புங்கள், குழந்தைகளோடு போகலாம்.

தூர்வாரும் ஒப்பந்தக்காரர்களுக்கும் நூறு நாள் வேலையில் இருப்பவர்களுக்கும் புரியும்படி நான்கு வரி எழுதினாலும் பெரிய உதவி. வேலையை மாதக்கணக்கில் நிறுத்தச் சொல்லவில்லை. கல் கிடைத்த இடத்தில் ஒரு குச்சி நட்டு, செல்போனில் ஒரு படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லிவிட்டுப் பத்தடி தள்ளித் தோண்டினால் போதும். கருவியோ கழிவோ ஜல்லியோ, அதைப் பிரிக்கும் வேலை அவர்களுடையது இல்லை. பிரிக்கப் போய்த்தான் கழிவு என்று கரைக்குப் போகிறது.

புதன்கிழமை நானே அந்த ஏரிக்குப் போய்வந்தேன். பேருந்தை விட்டு இறங்கி இரண்டு கிலோமீட்டர் நடை. கொட்டிய குவியல் கரையின் உள்பக்கம், ஒரு புளியமரத்துக்கு அருகே, டிராக்டர் டிப்பர் ஒன்றரை அளவுக்கு இருக்கிறது. தொடாமல், சுற்றி வந்து பார்த்தேன். மழையில் மேல்மண் கழுவிப்போன பகுதியில் மட்டும், தோல் ஒட்டிய பெரிய சில்லுகள் பன்னிரண்டும், கூராக்கும்போது போகிற மெல்லிய வளைந்த சில்லுகள் ஐந்தும் கண்ணுக்குத் தெரிந்தன. ஒரு தாய்க்கல்லும் இருக்கிறது, ஒரே பக்கத்திலிருந்து நான்கு முறை பெயர்த்தது. முனையில் வெள்ளையாகக் குத்துக் குத்தாகத் தேய்ந்த உருண்டைக் கல் ஒன்று கிடக்கிறது, அடிகல்லாக இருக்கலாம். கலைந்த குவியல்தான். ஆனால் தொடங்கிய சில்லும் முடித்த சில்லும் தாய்க்கல்லும் ஒரே குவியலில் இருப்பதால், இந்த ஏரிப்பக்கத்தில் எங்கோ உட்கார்ந்து கருவி செய்திருக்கிறார்கள் என்று நம்புகிறேன். மண் எந்த மூலையிலிருந்து வந்தது என்று பொக்லைன் ஓட்டிய தம்பிக்கு நன்றாக நினைவிருக்கிறது. என்னோடு நடந்து வந்து காட்டினார். அந்த மூலையில் இன்னும் தோண்டாத சரளை ஒரு முழம் உயரத்துக்கு நிற்கிறது.

இதையெல்லாம் எழுதி, ஓவியமும் வைத்து, உரிய அலுவலகங்களுக்கு வியாழனன்று பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். அடுத்த வாரக் கடைசியில் குவியலை இழுத்துக் கரையைச் சமப்படுத்தப் போவதாக அங்கே சொன்னார்கள். அதற்கு முன்பு இந்தக் கடிதம் அச்சில் வந்தால் நல்லது. உங்கள் நிருபர் வர முடியுமானால் எந்தக் காலையிலும் நான் தயார். வெயில் சாய்வாக விழும் ஏழு மணிக்கு வரச் சொல்லுங்கள், குமிழ் அப்போதுதான் தெளிவாகத் தெரியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
ஊத்துக்கோட்டை வட்டம், திருவள்ளூர் மாவட்டம்.